தோழியோடு ஒரு பியானோ கச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் விக்மோர் ஹாலில் பியானோ கேட்பது என் பல ஆண்டுப் பழக்கம். பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். சென்ற குளிர்காலத்தில் தோழி ஒருத்தியை அழைத்துப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, சிறு வயதிலிருந்து வீணை வாசிப்பவள், இப்போது ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறாள். மேற்கத்தியச் செவ்வியல் கச்சேரி எதற்கும் அதுவரை அவள் போனதில்லை. அன்று முதல் பாதியில் இசையமைப்பாளர்கள் பாக், ஷோபான் இருவரின் படைப்புகள், இரண்டாம் பாதியில் ஷூபர்ட்டின் கடைசிச் சொனாட்டா, அதாவது பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு. புறப்படும் முன்பும் அரங்கிலும் திரும்பும் வழியிலும் அவள் கேட்ட கேள்விகள் இங்கே இருக்கின்றன. பின்னர் மற்ற நண்பர்கள் கேட்டவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

எனக்கு மேற்கத்திய இசை ஒன்றுமே தெரியாது. போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஒரே ஒரு முன்வேலை மட்டும் செய்யுங்கள். அன்றைய நிரலில் எது நீளமான படைப்போ அதை வீட்டில் இரண்டு முறை கேட்டுவிடுங்கள். முதல் முறை சமையல் செய்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்கலாம். இரண்டாம் முறை வேறு வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து கேளுங்கள். வடிவம், வரலாறு, இத்தாலியச் சொற்கள் எதையும் படிக்க வேண்டாம். ஏற்கெனவே கேட்ட மெட்டு அரங்கில் திரும்பி வரும்போது, கல்யாணக் கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல மனம் நிமிர்ந்து உட்காரும். முதல் கச்சேரிக்கு அது போதும்.

தனியாகப் போவது நல்லதா, யாரையாவது அழைத்துப் போவது நல்லதா?

தனியாகப் போனால் நம் காதுக்கு எட்டியதைக் கேட்கிறோம். துணைக்கு ஒருவர் இருந்தால், அவர் எந்த இடத்தில் மூச்சைப் பிடித்தார், எங்கே தலையைத் தூக்கினார் என்பதும் சேர்ந்து வருகிறது. நாற்பது தடவை கேட்ட படைப்பில் நான் கவனிக்காமலே விட்ட ஒன்றை என் தோழி முதல் தடவையிலேயே பிடித்துவிட்டாள். அதைக் கீழே சொல்கிறேன்.

அழைத்துப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள்: பாடம் நடத்தாதீர்கள். போகும்போது ரயிலில் நான் சொனாட்டா வடிவத்தை விளக்கத் தொடங்கினேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அவள் கையமர்த்தி, "வர்ணம் என்றால் என்னவென்று படித்துவிட்டா நீ என் வீணையைக் கேட்டாய்?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் கேட்டதுதான் சரி.

ஏன் விக்மோர் ஹால்? பெரிய அரங்குகள் எத்தனையோ இருக்கின்றனவே?

ஒற்றைப் பியானோவுக்கு அளவான அரங்கு இது. மொத்தம் சுமார் 550 இருக்கைகள்தான். பியானோ தயாரிக்கும் ஜெர்மானிய நிறுவனமான பெக்ஸ்டைன், தன் கடையை ஒட்டி இதைக் கட்டியது. 1901ஆம் ஆண்டு மே 31 அன்று 'பெக்ஸ்டைன் ஹால்' என்ற பெயரில் திறந்தார்கள். பியானோ கலைஞர் புஸோனியும் வயலின் கலைஞர் இஸாயியும் அன்று வாசித்தார்கள். முதல் உலகப் போர் வந்தது. எதிரி நாட்டு நிறுவனத்தின் சொத்து என்று அரங்கு பறிமுதலாகி, 1916இல் ஏலத்துக்குப் போனது. மறு ஆண்டு, அது இருக்கும் தெருவின் பெயரையே தாங்கி மீண்டும் திறந்தது.

மேடைக்கு மேலே அரைக்கோள வடிவில் ஒரு கூரை. அதில் இசையின் ஆன்மா மேலே அண்ணாந்து பார்ப்பதாக ஓர் ஓவியம். கச்சேரி தொடங்கும் முன் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த வளைவு ஒலியைச் சேர்த்து நம்மிடம் அனுப்பிவிடுகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் மெல்லிய ஒலி முழுதாக வந்து சேரும்.

முதல் தடவைக்கு எந்த மாதிரிக் கச்சேரியைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு மணி நேரம் உட்காரத் தயக்கமாக இருந்தால் திங்கட்கிழமை பகல் ஒரு மணிக் கச்சேரிக்குப் போங்கள். இடைவேளை கிடையாது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிபிசி ரேடியோ 3 அதை நேரடியாக ஒலிபரப்புகிறது. ஞாயிறு முற்பகல் கச்சேரியும் அதே அளவுதான். முடிந்ததும் ஒரு கோப்பை காபி தருவார்கள்.

பகல் கச்சேரி என்றாலே எனக்கு மைரா ஹெஸ் நினைவுக்கு வருவார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் லண்டனின் கச்சேரி அரங்குகள் மூடப்பட்டன. நேஷனல் கேலரி தன் ஓவியங்களைப் பாதுகாப்பாக வெளியூருக்கு அனுப்பிவிட்டது. வெறும் சுவர்களோடு நின்ற அந்தக் கூடங்களில் பகல் உணவு நேரத்தில் கச்சேரி நடத்தலாம் என்று சொன்னவர் பியானோ கலைஞரான இந்தப் பெண்மணி. 1939 அக்டோபர் 10 அன்று முதல் கச்சேரியை அவரே வாசித்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். குண்டு வீச்சு கடுமையான நாட்களில் கச்சேரியை நிலவறைக்கு மாற்றினார்கள், நிறுத்தவில்லை. 1946 ஏப்ரல் வரை மொத்தம் 1,698 கச்சேரிகள். அலுவலகத்திலிருந்து ஓடி வந்து, ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போன அந்த மக்களில் எத்தனை பேருக்கு இசை இலக்கணம் தெரிந்திருக்கும்? இசை தெரியாமல் போகலாமா என்ற முதல் கேள்விக்கும் இதையே பதிலாகச் சொல்லலாம்.

டிக்கெட் விலை அதிகமா? எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

விலை வரிசைக்கு வரிசை மாறும். 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பல கச்சேரிகளில் 5 பவுண்டுக்கே டிக்கெட் கிடைக்கிறது. மாணவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் பியானோ வாசிப்பவர் நமக்கு இடப்புறத்தில், பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். ஆகவே இடப்பக்க இருக்கைகளிலிருந்து விரல்கள் தெரியும். வலப்பக்கம் போனால் முகம் தெரியும். எல்லாரும் இடப்பக்கத்துக்கே அடித்துக்கொள்வார்கள். என் விருப்பம் நடுவிலிருந்து சற்று வலப்புறம். பியானோவின் மூடி அந்தப் பக்கமாகத்தான் திறந்து, ஒலியை நம்மை நோக்கித் திருப்புகிறது. ஆனால் முதல் தடவை வருகிறவரை இடப்பக்கம் உட்கார வையுங்கள். விரல்களைப் பார்க்கும் ஆசை யாருக்கும் உண்டு. வீணை வாசிக்கிறவளுக்குக் கேட்கவே வேண்டாம்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

குளிருக்குத் தகுந்தது எதுவானாலும் சரி. கோட்டும் டையும் கட்டாயமில்லை. பட்டுப்புடவையும் பார்த்திருக்கிறேன், சைக்கிள் ஓட்டி வந்த கோலத்தில் உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உடையைவிட ஓசையைக் கவனியுங்கள். ஒருமுறை வேறோர் அரங்கில் கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு உட்கார்ந்திருந்தேன். மிக மெல்லிய ஓரிடத்தில் சால்வையை இழுத்துவிட்டேன். வளையல்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தம் எனக்கே பாத்திரம் உருண்டது போல் கேட்டது. முன்வரிசையில் மூன்று தலைகள் திரும்பின. அன்று முதல் கச்சேரி நாளில் என் கையில் வளையல் கிடையாது. சலசலக்கும் மிட்டாய்க் காகிதமும் பையின் ஜிப்பும் இதே வகைதான்.

எப்போது கைதட்ட வேண்டும்? தவறாகத் தட்டிவிட்டால் என்ன ஆகும்?

எல்லாரும் அஞ்சும் கேள்வி இது. ஒரு சொனாட்டாவில் மூன்று நான்கு பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் சிறு நிறுத்தம் வரும். அங்கே தட்டுவதில்லை, எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகே தட்டுவது இன்றைய வழக்கம். எத்தனை பகுதிகள் என்று நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருப்பார்கள்.

ஆனால் இது வேதவாக்கு அல்ல. 1778 ஜூலை 3 அன்று பாரிஸிலிருந்து மொஸார்ட் தன் தந்தைக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. புதிய சிம்பொனியின் முதல் பகுதியில், நடுவில் ஓர் இடம் மக்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதினாராம். அது வந்ததும், இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. பகுதியின் முடிவில் அந்த இடத்தை இன்னொரு முறை கொண்டுவந்தார், மறுபடியும் கைதட்டல். கச்சேரி முடிந்ததும் மகிழ்ச்சியில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, நேர்ந்துகொண்டபடி ஜெபமாலை சொல்லிவிட்டுத் தங்குமிடம் போனதாக எழுதுகிறார். நம் சபாக்களில் நல்ல சங்கதி விழுந்ததும் 'பலே' என்கிறோமே, மொஸார்ட் எதிர்பார்த்ததும் அதைத்தான். அசையாமல் உட்காரும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல வேரூன்றியது.

ஆகவே தவறி ஒருமுறை தட்டிவிட்டால் குற்றம் ஒன்றும் இல்லை, கூச வேண்டாம். என்றாலும் இன்றைய வழக்கத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். அச்சம் காரணமில்லை. ஒரு பகுதியின் கடைசி ஒலி அடங்கும் அந்த நான்கைந்து நொடிகளும் படைப்பில் சேர்ந்தவை. வாசிப்பவரின் கையை மட்டும் பார்க்காமல் வலது காலையும் பாருங்கள். கை கட்டையை விட்டு எழுந்த பிறகும் கால் பெடலில் இருக்கும். கம்பிகள் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். கால் மெல்ல மேலே வந்து, தோள் தளர்ந்து, அவர் நம் பக்கம் திரும்பும்போதுதான் முடிகிறது. தோழியிடம் நான் சொல்லிவைத்த குறிப்பு இது ஒன்றுதான். அவள் கச்சேரி முழுவதும் அந்தக் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருமல் வந்தால்?

பலத்த ஒலி வரும் இடத்துக்காகக் காத்திருங்கள், அல்லது பகுதிகளுக்கு இடையே இருமிவிடுங்கள். அடக்கவே முடியாவிட்டால் கைக்குட்டையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு இருமலாம். ஒலி பெரிதும் அமுங்கிவிடும். மிளகும் பனங்கற்கண்டும் முன்பே வாயில் அடக்கிக்கொள்வது என் தோழியின் வழி. அதை நானும் எடுத்துக்கொண்டேன்.

தாளம் போடலாமா?

மடியின் மேல், விரல் நுனியால், ஓசையில்லாமல். தொடையில் தட்டினால் பக்கத்து இருக்கைக்காரருக்கு இடைஞ்சல்.

ஷோபானின் மஸுர்கா தொடங்கியதும் தோழியின் விரல்கள் மூன்றாக எண்ணத் தொடங்கின. மஸுர்கா போலந்து நாட்டுப்புற நடனத்திலிருந்து வந்தது, மூன்றடித் தாளம்தான். அரை நிமிடத்தில் அவள் கை நின்றுவிட்டது. தாளம் பிடிபடவில்லை என்று முகத்தில் குழப்பம். பிழை அவளுடையது அல்ல. ஷோபானே வாசித்தபோது ஒரு மாத்திரையை அவர் அவ்வளவு நீட்டினாராம். பக்கத்தில் இருந்த இசைக்கலைஞர் சார்ல்ஸ் ஹாலே, 'இது மூன்றடியாக இல்லை, நான்கடியாகக் கேட்கிறது' என்று சொல்லியிருக்கிறார். ஷோபான் முதலில் மறுத்தார். ஹாலே உரக்க எண்ணிக் காட்டியதும் சிரித்துவிட்டு, அந்த நடனத்தின் நாட்டு இயல்பே அப்படி என்றார். இதை ஹாலே தன் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். இங்கே காலப்பிரமாணம் கல்லில் வெட்டியது அல்ல. இழுத்த நேரத்தை அடுத்த அடியில் ஈடுகட்டுவார்கள், சில நேரம் ஈடுகட்டாமலும் விடுவார்கள்.

சுருதிப் பெட்டி எங்கே? என்ன ராகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோழி கேட்ட முதல் கேள்வியே "சுருதிக்கு யார்?" என்பதுதான். யாரும் இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் இரண்டு இசைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இருக்கிறது.

நம் கச்சேரியில் ஆதார ஷட்ஜம் மாலை முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும். ராகங்கள் வரும், போகும், 'ஸ' நகராது. சொனாட்டாவில் அந்த ஷட்ஜமே இடம் மாறும். ஒரு கட்டையில் தொடங்கி, அதை வீடாக நம் காதில் பதியவைத்து, பிறகு வேறொரு கட்டையை ஷட்ஜமாக்கிக்கொண்டு அங்கே வாழ்ந்துவிட்டு, கடைசியில் பழைய வீட்டுக்குத் திரும்பும். தம்பூரா ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் பயணமே நடக்காது.

ராகம் என்று பார்த்தால் இரண்டு அடையாளங்கள் உதவும். மேஜர் என்று அவர்கள் சொல்லும் வரிசை நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். மைனர் வகைகளில் ஒன்று கீரவாணியின் ஸ்வரங்கள். ஸ்வரங்கள்தான் ஒன்று, நடை வேறு. இந்த ஒற்றுமையை முத்துசுவாமி தீட்சிதர் அன்றே கண்டுகொண்டார். ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரண ஸ்வரங்களில் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அவைதான்.

நல்ல காதுள்ளவர்களுக்கு இன்னொன்றும் உறுத்தும். "காந்தாரம் கொஞ்சம் ஏறி நிற்கிறதே" என்று தோழி இடைவேளையில் சொன்னாள். உண்மைதான். எந்தக் கட்டையையும் ஷட்ஜமாக்க முடிய வேண்டும் என்பதற்காகப் பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை இது: 'ஸ'விலிருந்து மூன்றாவது ஸ்வரமான அந்தர காந்தாரம் தன் இயல்பான இடத்தைவிட ஓர் அரைஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு மேலே நிற்கும். பெரும்பாலான காதுகள் இதைப் பழகி மறந்துவிட்டன. மெழுகுச்சட்டத்தில் மெட்டுக் கட்டிய வீணையோடு வளர்ந்தவளின் காது மறக்கவில்லை.

மைக் இல்லாமல் எப்படி அரங்கு முழுவதும் கேட்கிறது?

கச்சேரிப் பியானோ நாம் நினைப்பதைவிட மிகப் பெரிய பொருள். நிறைய மேடைகளில் இருக்கும் ஸ்டைன்வே பெரிய மாதிரி 274 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய அரை டன் எடை. 88 கட்டைகள், கம்பிகள் இருநூற்றுக்கும் மேல். கீழ் ஸ்தாயியின் தடித்த கம்பிகள் கட்டைக்கு ஒன்று, மேலே போகப் போக இரண்டு, மூன்று. அத்தனை கம்பிகளின் இழுவிசையும் சேர்ந்தால் 20 டன் அளவுக்கு வரும். அதைத் தாங்குவதற்குத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். கம்பியின் அதிர்வை ஒரு பெரிய மரப்பலகை வாங்கிப் பெருக்குகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சுத்தியல் வேலை செய்யும் விதம். கட்டையை அழுத்தினால், கம்பளி சுற்றிய சுத்தியல் கம்பியை நோக்கி எறியப்படுகிறது. கம்பியைத் தொடும் கணத்துக்கு முன்பே அது விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதாவது, எவ்வளவு வேகத்தில் எறிவது என்பது மட்டுமே வாசிப்பவர் கையில். அதன்பின் அந்த ஒலியை அவரால் கூட்ட முடியாது, வளைக்க முடியாது. தேய்ந்து போவதை விட்டுக்கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தோழிக்கு இது சட்டென்று புரிந்தது. வீணையிலும் மீட்டிய நாதம் தேயத்தான் செய்யும். ஆனால் இடது கையால் கம்பியை இழுத்துக் கமகம் சேர்க்கலாம். தேயும் ஒலிக்கு உயிர் கொடுக்கலாம். பியானோவில் அதற்கு வழியே இல்லை. அப்படியிருந்தும் அந்தக் கருவி பாடுவது போல் கேட்கிறதே, அது எப்படி? ஒரு ஒலி எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ, அந்த அளவிலேயே அடுத்த ஒலியைத் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நல்ல கலைஞர் ஒவ்வொரு ஒலியும் தேய்வதைக் கேட்டுக்கொண்டே அடுத்த விரலை வைக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு மெதுவான பகுதியைக் கேளுங்கள். வேகமான வாசிப்பைவிட அதுவே கடினம் என்பது புரியும்.

அவ்வளவு நீளமான சொனாட்டாவில் எதைக் கேட்பது?

ஷூபர்ட்டின் அந்தச் சொனாட்டாவையே எடுத்துக்கொள்கிறேன். 1828 செப்டம்பரில் வியன்னாவில் தன் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது எழுதி முடித்தார். நவம்பர் 19 அன்று இறந்துபோனார். வயது 31. சுமார் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் அது அச்சேறியது. நான்கு பகுதிகள், நாற்பது நிமிடங்களுக்கு மேல்.

தொடக்கம் மிக மெதுவாக, கோயில் பிரகாரத்தில் நடப்பது போன்ற ஒரு மெட்டு. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். எந்தக் கவலையும் இல்லை. எட்டாவது தாளச் சுற்றில், பியானோவின் இடது கோடியில், மிக மெல்லியதாக ஓர் உறுமல். அருகருகே உள்ள இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி வேகமாக அழுத்தும் அதிர்வு அது. பிறகு நிசப்தம். பிறகு எதுவுமே நடக்காதது போல் அதே மெட்டு மறுபடியும்.

அந்த உறுமல் வந்தபோது தோழி குனிந்து காலடித் தரையைப் பார்த்தாள். கீழே சுரங்க ரயில் போகிறது என்று நினைத்துவிட்டாளாம். இரண்டாம் முறை வந்தபோது நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். இடைவெளியில் என் காதருகே ஒரே ஒரு சொல் சொன்னாள்: "சுத்த தைவதம்."

நாற்பது தடவை கேட்டும் நான் கவனிக்காதது என்றேனே, அது இதுதான். ஓர் இருண்ட ஒலி என்ற அளவில் மட்டுமே நான் அதை வைத்திருந்தேன். சங்கராபரணத்தில் இருக்க வேண்டியது சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதத்தைவிட ஓர் அரைஸ்வரம் மேலே உள்ள 'த'. அந்த உறுமலோ அன்னிய ஸ்வரம். வீட்டுக்குள் நுழைந்துவிட்ட வேற்றாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று நடக்கிறது. மெட்டு இடம் மாறுகிறது; அந்தத் தைவதமே புதிய ஷட்ஜம் ஆகி, அதன் மேல் அதே மெட்டு அமர்ந்துகொள்கிறது. வாசலில் உறுமிய வேற்றாள் வீட்டுத் தலைவனாக நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான்! ஷூபர்ட் இதை எட்டாவது தாளச் சுற்றிலேயே சொல்லிவைத்துவிட்டார்.

முதல் பகுதியின் முற்பாதியை மறுபடி வாசிக்கும்படி அவர் குறித்திருக்கிறார். நேரத்தைக் கருதிப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறுபடிக்குத் திரும்பும் அந்தச் சில அடிகளில்தான், எப்போதும் முணுமுணுத்த அந்த உறுமல் ஒரே ஒரு முறை முழு பலத்தோடு வெடிக்கிறது. மறுபடியை விட்டால் அந்த அடிகளே காணாமல் போய்விடும். அன்று வாசித்தவர் விடவில்லை. வெடித்தபோது தோழியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

தாளைப் பார்க்காமல் ஏன் வாசிக்கிறார்கள்? பார்த்து வாசித்தால் குறைவா?

குறைவே இல்லை. மனப்பாடமாக வாசிக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ கலைஞர்களான கிளாரா ஷூமனும் லிஸ்ட்டும். அந்தக் காலத்தில் அதை ஆணவம் என்று கருதியவர்களும் இருந்தார்கள். ஒருவரே முழுக் கச்சேரியும் செய்வதும் லிஸ்ட்டுக்குப் பிறகுதான் பெருகியது; தனிக் கச்சேரிக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'ரிஸைட்டல்' என்ற பெயரை அவர் 1840இல் லண்டனில்தான் பயன்படுத்தினார். மாறாக, சோவியத் பியானோ கலைஞர் ரிக்டர் தன் கடைசிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சிறு விளக்கு வெளிச்சத்தில் தாளைப் பார்த்தே வாசித்தார். மைரா ஹெஸ்ஸும் பிற்காலத்தில் தாளை வைத்துக்கொண்டார்.

தூக்கம் வந்தால்? தாமதமாகிவிட்டால்? குழந்தையை அழைத்து வரலாமா?

கண்ணயர்ந்தால் பாதகமில்லை, குறட்டை மட்டும் வேண்டாம். தாமதமானால் ஒரு படைப்பு முடியும்வரை வெளியே காத்திருக்க நேரும். அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கைக்குழந்தையோடு மாலைக் கச்சேரி இருவருக்குமே சிரமம். குழந்தைகளுக்கென்றே தனி நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள்.

இடைவேளையில் என்ன செய்வது?

பலரும் காபிக்கு ஓடுவார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். சில நாட்களில் சுருதி சேர்ப்பவர் மேடைக்கு வருவார். அன்றும் வந்தார். நரைத்த தலை, சட்டைப் பையில் ஒரு கம்பளித் துண்டு. ஒரே கட்டையை நாலைந்து முறை தட்டி, கைக்கருவியை ஆணியில் பொருத்தி, முடி அளவு திருப்பி, மறுபடி தட்டினார். மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால், மற்ற இரண்டின் நடுவே கம்பளித் துண்டைச் செருகி வாயடைத்துவிட்டு அதை மட்டும் திருத்துகிறார். தோழி மேடை ஓரம்வரை போய் நின்று பார்த்தாள். வீணையின் பிரடையைத் திருகிச் சுருதி சேர்த்து வளர்ந்தவள். அவர் தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்பதைக்கூடக் கவனித்து வந்து சொன்னாள்.

எல்லாம் முடிந்த பிறகும் ஏன் திரும்பத் திரும்ப வந்து வணங்குகிறார்கள்?

கைதட்டல் தொடர்ந்தால் கலைஞர் மூன்று நான்கு முறை வந்து வணங்குவார். பிறகு மனமிருந்தால் சிறிய படைப்பு ஒன்றை வாசிப்பார். நிரலில் அது இருக்காது. பெயரை அவரே சொல்வார், சில நேரம் சொல்லாமலே வாசிப்பார். கோட்டை எடுத்துக்கொண்டு அவசரமாக எழுந்து ஓடாதீர்கள். கடினமானது முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் வாசிக்கும் அந்த மூன்று நிமிடத்தில் வேறொரு மனிதரைப் பார்க்கலாம். ஷூபர்ட்டுக்குப் பிறகு அன்று எதுவும் வாசிக்கவில்லை. அதுவும் சரிதான் என்று எனக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் என்ன பேசுவது?

உடனே 'எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். அழைத்துப் போனவர் கேட்டால் மரியாதைக்கு 'நன்றாக இருந்தது' என்றுதான் பதில் வரும். பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லவும் அவருக்கு இடம் வேண்டும். ஷோபான் தனக்கு எட்டவில்லை என்று தோழி மறுநாள் தொலைபேசியில் நேராகச் சொன்னாள். எனக்கு ஷோபான் உயிர். ஆனாலும் அவள் சொன்ன காரணத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்: "முடிக்கிற இடமெல்லாம் முன்பே தெரிந்துவிடுகிறது."

கச்சேரி முடிந்த இரவு நாங்கள் பாண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்வரை பேசாமல்தான் நடந்தோம். அவள் வெஸ்ட் ஹாமில் மாறி ஈஸ்ட் ஹாம் போக வேண்டும். பிளாட்பாரத்தில் அவளோடு நின்றிருந்தேன். சுரங்கத்தின் இருட்டிலிருந்து ரயில் வரும் உறுமல், முதலில் காலடியில், பிறகு காதில். அவள் என் பக்கம் திரும்பி, விரலை உயர்த்தி, "இரு, இது தைவதமில்லை, நிஷாதம்" என்றாள். ரயில் வந்து நின்றது, ஏறிக்கொண்டாள்.